பிடுங்கினவன் மாட்டோணும்

பழசைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுசை மாட்டுகிற ஃபிட்டரை நான் என் கடையில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டேன், அன்றைய கூலியைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றி விட்டுவிடுவேன். இப்போது அதே வேலைக்கு நானே நாலு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்புக்கு மேலே ஒரு பச்சைத் துணியும் கீழே ஒரு பச்சைத் துணியுமாக மல்லாந்து கிடக்கிறேன். மேஜை என்கிறார்கள், வெறும் பலகை இது, என் பட்டறை பெஞ்சு இதைவிட அகலம். குளிர் வேறு. ஐஸ் கம்பெனியில் மோட்டார் மாட்டப் போன அன்றைக்குக்கூட இப்படிக் குளிரவில்லை, அன்றைக்கு உடம்பில் சட்டை இருந்தது. காலையிலிருந்து ஆறு பேர் பேர் கேட்டுவிட்டார்கள். சென்னியப்பன், வயது எழுபத்து நாலு, கிணத்துக்கடவு, மோட்டார் ஃபிட்டர் என்று ஆறு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன். ஆள் மாறிவிடக் கூடாதாம். நல்ல பழக்கம்தான், நானும் எந்தக் கிணறு என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். டாக்டர் முபாரக் முதல் தடவை படம் போட்டுக் காட்டியபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற இடத்தில் மூன்று இதழ் வைத்த ஒரு வால்வு, அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது, ரெண்டு விரல் நுழைகிற வழி இப்போது மொச்சைக் கொட்டை அளவு. நம்ம ஊர் உப்புத் தண்ணீர் ஓடின குழாயைப் பத்து வருஷம் கழித்து அறுத்துப் பார்த்தவனுக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நெஞ்சைப் பிளக்க வேண்டாம், தொடையில் ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். சரி, பழசை எந்த வழியாக எடுப்பீர்கள் என்றேன். எடுக்க மாட்டோம் என்றார். அத்தோடு எழுந்து வந்துவிட்டேன். எட்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மார்கழியில் ஒரு நாள் கடை ஷட்டரைத் தூக்கினேன், பாதி ஏறினதுதான் தெரியும், கண் திறந்தபோது தெருவில் கிடந்தேன், வாயில் மண். துளசிமணி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், உங்க ஞாயத்தையெல்லாம் மோட்டார்கிட்ட வெச்சுக்குங்க என்றாள். கட்டியவள் ஐம்பது வருஷத்தில் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. வந்துவிட்டேன். வந்த இடத்தில் நேற்று சாயங்காலம்தான் டாக்டர் இன்னொன்றையும் சொன்னார், போகிற போக்கில், காபி குடித்தீர்களா என்று கேட்பது போல. புது வால்வை விரிக்கிற நேரத்துக்கு மட்டும், ஒரு பதினைந்து விநாடி, இருதயத்தை வேலை செய்ய விடாமல் நிறுத்துவார்களாம். நிறுத்துவது யார், திருப்பி ஓட விடுவது யார் என்று கேட்பதற்குள் போய்விட்டார். ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியோடு விழித்துக் கிடந்தேன், இப்போதும் அது அப்படியே நிற்கிறது.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். கிணற்றுக்குள் இறங்குமுன் மோட்டார் ரூம் போர்டிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இறங்கினால், கரண்டு வந்துவிட்டதா பார்ப்போம் என்று எவனாவது வந்து தட்டிவிடுவான், தோட்டத்துக்காரனுக்கு எப்போதும் கரண்டு மேலேயே கண். கட்டை பையில் இருந்தால் அந்தப் பயம் இல்லை. மூன்று பீங்கான் கட்டையும் நெஞ்சோடு உரசிக்கொண்டே இருக்கும், ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு இடி இடிக்கும், அந்தச் சத்தம் இருக்கிற வரை நான் பத்திரம். பிடுங்கினவன்தான் மாட்டோணும். தோட்டத்து முதலாளியே ஆனாலும் வேறு ஆள் மாட்டக் கூடாது. இதை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, எவனும் மீறியதும் இல்லை. ஆனால் சட்டத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது, அந்த ஓட்டையில் நானே விழுந்தேன். எண்பத்து ஆறோ ஏழோ, பொங்கலுக்கு முந்தின நாள், மாரப்பன் தோட்டத்துக் கிணற்றில் ஃபுட் வால்வு மாற்றினேன், ஏறின தண்ணீரைத் திரும்ப இறங்க விடாமல் குழாய் அடியில் பிடிக்கிறது அதுதான். கட்டையை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் கொட்டியது. மேல் இணைப்பில் சின்னக் கசிவு, மறுபடி கட்டையைப் பிடுங்கி, போல்ட்டை முடுக்கி, கையைக் கழுவினால் மணி நாலு தாண்டிவிட்டது. நாலரை பஸ்ஸுக்கு வருகிறேன் என்று துளசிமணியிடம் சொல்லியிருந்தேன், தாராபுரம் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், அவள் பெட்டியோடு நிற்பாள். சைக்கிளை மிதித்தேன். மூன்று கட்டையும் பையில். மூன்று நாள் மாமனார் வீட்டில் கறியும் சோறும் தின்றுவிட்டு வந்தேன். நாலாம் நாள் துவைக்கிற கல்லிலிருந்து துளசிமணி, ஏனுங்க, இதென்ன சட்டைப் பையில கல்லு மாதிரி என்றாள். அன்றைக்கு எனக்கு அடித்த குளிர், இந்த ரூமில் இருக்கிறதே, இதே குளிர்தான். மாரப்பன் நான் வேலைக்குப் போனதற்கு முந்தின நாள்தான் தக்காளி நாற்று நட்டிருந்தார். நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும், விடாவிட்டால் வேர் பிடிக்காது, நாற்று அப்படியே படுத்துவிடும். போய்ப் பார்த்தேன், ஒரு ஏக்கரும் படுத்துவிட்டிருந்தது. மாட்டுக்கு மட்டும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்திருக்கிறார்கள். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை அவர், போர்டைக் காட்டினார், நீயே மாட்டு என்பதுபோல. "வேற கட்டை வாங்கி மாட்டியிருக்கலாம் ஃபிட்டரே. வேலை முடிஞ்சுதோ முடியிலியோ, எனக்கு எப்படித் தெரியும்? புடுங்கினவந்தானே மாட்டோணும்." அவ்வளவுதான் சொன்னார். என் சட்டத்தை என்னைவிட அவர் மதித்திருக்கிறார், அதற்கு ஒரு ஏக்கர் கொடுத்திருக்கிறார். மாரப்பன் போய்ப் பதினைந்து வருஷம் ஆயிற்று, இந்த வாரம் முழுக்க என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வலது தொடை இடுக்கில் ஊசி குத்துகிறார்கள், மரத்துப் போகும் என்கிறார்கள், மரத்தும் போகிறது. கை அங்கே போகப் பார்க்கிறது, இடுப்பைத் தடவிப் பார்க்க, பட்டையில் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் இடுப்பு. இந்த வெறுமை எனக்குப் பழக்கமில்லை. காலையில் சிஸ்டர் கத்தரியோடு வந்து அரைஞாண் கயிற்றை எடுக்க வேண்டும் என்றது, வெட்டவா என்றது. மோதிரம் கேட்டார்கள், கொடுத்தேன். பல்செட் கேட்டார்கள், கொடுத்தேன். கயிறு தர மாட்டேன் என்றேன். பிறந்து பேர் வைக்கிறபோது கட்டினது, ஆளை எடுக்கிற அன்றைக்குத்தான் அறுப்பார்கள். என் அப்பாவுக்கு அறுத்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அறுத்த பிறகுதான் எனக்கே அவர் செத்தது உறைத்தது. சிஸ்டர் பாவம், கேரளத்துப் பெண், அதற்கு இதெல்லாம் தெரியாது, அங்கே கிருமி இருக்கும் அங்கிள் என்றது. துளசிமணி கத்தரியைத் தள்ளிவைத்தாள். குனிந்து முடிச்சைப் பிடித்தாள். ஆடிக்குக் கட்டின முடிச்சு, வேர்வையில் இறுகிக் கிடந்தது, நகத்தால் ஆகவில்லை, ஹேர்பின்னை எடுத்து நெம்பினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் மூச்சு என் வயிற்றில் பட்டுக்கொண்டே இருந்தது, நரைத்த வகிடு என் கண்ணுக்கு நேராக. இப்படி ஒருத்தி எனக்காக ஒரு முடிச்சோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது என்று நினைத்தேன், பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவிழ்ந்ததும் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ. "கட்டை எங்கிட்ட இருக்குது. போயிட்டு வாங்க" என்றாள்.

இப்போது கம்பி உள்ளே போகிறதாம். வலி இல்லை, தொடையில் யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி மட்டும் இருக்கிறது. தலையைத் திருப்பினால் டீவி, நாலு டீவி, சாம்பல் நிறத்தில் என் விலா எலும்புகள், நடுவே ஒரு நிழல் துடித்துக்கொண்டிருக்கிறது. அது நான்தான். எழுபத்து நாலு வருஷம் ஒரு நாள் லீவு போடாமல், எண்ணெய் கேட்காமல், புஷ் மாற்றாமல் ஓடியிருக்கிறது, நான் ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. எத்தனை மோட்டாரைத் தட்டிக் கொடுத்திருக்கிறேன், நல்லா ஓடு சாமி என்று. கம்பி வளைந்து மேலே ஏறுகிறது, தோளருகே போய்க் கொக்கி மாதிரித் திரும்பி இறங்குகிறது, டாக்டர் அங்கே தொடையருகே ரெண்டு விரலால் உருட்டுகிறார், இங்கே நெஞ்சில் அது தலையாட்டுகிறது. முப்பதடிக் குழாய்க்குள் விழுந்த போல்ட்டை மேலே நின்றுகொண்டே காந்தம் கட்டி எடுத்தவன் நான், ஊரே பேசியது. இந்த மனுசன் ஓடுகிற குழாயில், ஓட்டத்துக்கு எதிராக, நிறுத்தாமல் போகிறார். மருந்து விடுகிறோம், சூடாக இருக்கும் என்கிறார்கள், சொல்லி முடிப்பதற்குள் கழுத்திலிருந்து தொடை வரைக்கும் வெந்நீர் ஊற்றியது போல ஒரு சூடு, டீவியில் கறுப்பாக ஒரு மரம் கிளைவிட்டுப் பூத்து, மறுநொடி காணோம். என் ரத்தம் போகிற வழி அது. எனக்குள்ளே இவ்வளவு அழகாக ஒன்று இருக்கிறதென்று யாரும் சொன்னதில்லை. மூலையில் ஒரு பெண் கிண்ணத்தில் எதையோ அலசிக்கொண்டிருக்கிறது, ஒரு கிண்ணம், அப்புறம் இன்னொரு கிண்ணம், அரிசி களைகிற பொறுமையோடு. அதுதான் வால்வாம். மாட்டின் இருதயத்தைச் சுற்றியிருக்கிற தோலில் இதழ் வெட்டி, கையால் தைத்தது என்று டாக்டர் முன்பே சொன்னார், உங்களுக்கு அதில் ஆட்சேபனை உண்டா என்றும் கேட்டார். ஆட்சேபனை என்ன. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஃபுட் வால்வுக்குள் மூடியாக இருந்ததும் தோல்தான், ரப்பர் எல்லாம் பிறகு வந்தது. தோல்தான் தண்ணீருக்கு ஒத்துப்போகும், திறக்கத் தெரியும், மூடத் தெரியும். ஏதோ ஒரு மாடு, எங்கேயோ தண்ணீர் குடித்த மாடு. மாரப்பன் வீட்டு மாடு குடத்துத் தண்ணீருக்காக மூன்று நாள் கத்தியிருக்கும். அலசின வால்வை அந்தப் பெண் ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துக் குறுக்குகிறது, பென்சில் கனத்துக்கு வந்துவிட்டது. பழசை எடுக்காமல் வைக்கிற கணக்கும் இன்னும் எனக்கு ஒத்துவரவில்லை. கடைசியாகக் கேட்டுவிட்டேன், நாக்கு மருந்தில் கொஞ்சம் குழறியது, பழசை எடுக்காம வெக்கறது தப்பில்லீங்களா டாக்டர் என்று. டாக்டருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் கையை நிறுத்தவில்லை, ஆனால் என் பக்கம் திரும்பினார். "பழசை எடுத்தா, புதுசு வர்ற வரைக்கும் அந்த இடம் வெறுமையா இருக்கும் ஐயா. ஓடுற இருதயம் அதைத் தாங்காது. அதுவுமில்லாம அந்தச் சுண்ணாம்புதான் புதுசைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். தையல் எதுவும் இல்ல, அதோட பிடியிலதான் நிக்கப் போகுது." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைத் தெருவில் தள்ளின அதே சுண்ணாம்பா. வெறுமையாக இருக்கக் கூடாது. அட, இது எனக்குத் தெரிந்ததுதானே. அரைஞாண் நைந்தால் என்ன செய்வோம், புதுசைக் கட்டி முடிச்சிட்ட பிறகுதானே பழசை அறுப்போம், இடுப்பு ஒரு நொடி வெறுமையாக இருக்கக் கூடாதென்று. ஐந்து வயதிலிருந்து என் இடுப்பிலேயே செய்துவந்த வேலை. எட்டு மாதம் ஒரு டாக்டரை வேலை தெரியாதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே.

வால்வு இடத்துக்கு வந்துவிட்டது, ரெடி என்கிறார்கள். இங்கிலீஷில் ஒருவர் சொல்ல ஒருவர் திருப்பிச் சொல்கிறார். என் தலைமாட்டில் ஒரு பெண் நகர்ந்து வந்து நிற்கிறது, ஈயம் வைத்த கனத்த மேலங்கி, கையில் சோப்புப் பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒயர் என் கழுத்துக்குள் போகிறது. இதுதான். இந்தப் பெட்டிதான் என் இருதயத்தைக் கண்டமேனிக்கு ஓட வைக்கப் போகிறது, துடிக்கும், ஆனால் ரத்தம் போகாது. காற்றுப் பிடித்த மோட்டார் அப்படித்தான், சுற்றும், சத்தம் வரும், வாய்க்காலில் ஒரு சொட்டு இருக்காது. அது புரிகிறது. புரிவதால் பயம் போவதில்லை. பதினைந்து விநாடி முடிகிறபோது இந்தப் பெண்ணுக்கு ஃபோன் வந்தால், தும்மல் வந்தால், நாலரை பஸ் இருந்தால். கெட்ட எண்ணத்தோடு யாரும் கட்டையை எடுத்துக்கொண்டு போவதில்லை, நான் என்ன கெட்டவனா, பெட்டியோடு நிற்கிறவள் ஞாபகம் வந்தது, சைக்கிளை மிதித்தேன், அவ்வளவுதான். பேர் என்ன கண்ணு என்றேன். நித்யகலா என்றது. நிறுத்தறது நீயா என்றேன். ஆமாங்க ஐயா. திருப்பி ஓட்டறது யாரு. அந்தப் பெண் குனிந்து என் கண்ணைப் பார்த்தது, முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. "நாந்தானுங்க. நிறுத்தினவதானுங்களே ஓட்டோணும். வேற யாரும் இதத் தொட மாட்டாங்க." யாரோ இதற்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை போல. சரி கண்ணு என்றேன். டாக்டர் ஒரு சொல் சொன்னார்.

நெஞ்சுக்குள் ஒரு பறவை படபடவென்று அடித்துக்கொள்கிறது, கூண்டு கொள்ளாமல், அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒன்று, பிறகு சத்தம் எல்லாம் கிணற்றுக்கு மேலே போய்விட்டது, ரெண்டு, நான் ஏணியில் இறங்குகிறேன், வட்டமாக வானம் மேலே, சின்னதாகிறது, மூன்று, ஏணியில் படிக்கொரு இடி இல்லை, பையைத் தொட்டுப் பார்க்கிறேன், பை இல்லை, சட்டை இல்லை, இடுப்பில் கயிறு இல்லை, நாலு, ஐந்து, கட்டை எங்கே, எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான், தாராபுரம் பஸ்ஸில் போகிறான், கறியும் சோறும் தின்கிறான், விரல் நுனி எல்லாம் நாற்றுகள் படுக்கின்றன, வரிசை வரிசையாக, ஒரு ஏக்கர், ஏழு, எட்டா, எண்ணிக்கை விட்டுப்போயிற்று, தண்ணீர் கறுப்பாக மார்பு வரை ஏறி நிற்கிறது, குளிரவில்லை, ஆச்சரியம், ஏன் குளிரவில்லை, இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாமல் எழுபத்து நாலு வருஷம் பயந்தேன், மாரப்பன் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார், போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன் ஃபிட்டரே என்கிற மாதிரி, கை நீட்டவில்லை, வேறு கட்டை வாங்கவில்லை, காத்திருக்கிறார், நான் வருவேன் என்று, வந்துவிடுவேன் என்று, மூன்று நாள் அந்த மனுசன் கோபத்தோடு காத்திருக்கவில்லை, நம்பிக்கொண்டு காத்திருக்கிறார், இது எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லையே, வானம் ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு மிளகு, ஹேர்பின், யாரோ ஹேர்பின்னால் ஒரு முடிச்சை நெம்புகிறார்கள், மூச்சு வயிற்றில் படுகிறது.

பிறகு ஒரு அடி. ஒன்றே ஒன்று. பெரிய அடி. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வாய்க்காலில் முதல் தண்ணீர் எப்படி வரும், நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு, காய்ந்த மண் சீறச் சீற, அப்படி எனக்குள்ளே வந்தது, காதுக்கு, கண்ணுக்கு, கால் பெருவிரல் வரைக்கும். உயிர்த்தண்ணீர். வேறு பேர் எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமாக என் காதோரம் கரகரவென்று ஒரு சத்தம் இருந்திருக்கிறது, அது நின்றபோதுதான் இருந்ததே தெரிந்தது. தலைமாட்டில் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது, அதே ரெண்டு கை அதைப் பிடித்திருந்தது. "ஓட்டியாச்சுங்க ஐயா" என்றது நித்யகலா. டாக்டர் டீவியைக் காட்டிப் பாருங்கள் என்றார். நிழலுக்கு நடுவே புதுசாக ஒரு சின்ன வலைக்கூண்டு நின்றது, அதைச் சுற்றிப் பழசின் சுண்ணாம்பு, பிடித்துக்கொண்டு. ஒரு சொட்டுக் கசிவில்லை என்றார். ஃபிட்டர் வாயால் கேட்க வேண்டிய சொல்லை டாக்டர் வாயால் கேட்டேன். கையெடுத்துக் கும்பிடலாம் என்றால் ரெண்டு கையும் பட்டையில் கட்டியிருந்தது. அழுதேன், துடைக்க முடியவில்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

வார்டில் காலை மடக்கக் கூடாது, ஆறு மணி நேரம் அசையக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். ஜன்னலில் பகல் வெளிச்சம் இருக்கிறது, உள்ளே போய் ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருக்கிறதாம், ஒரு மோனோபிளாக் மோட்டார் மாட்ட எனக்கு அரை நாள் ஆகும். துளசிமணியை விட்டார்கள். வந்து நின்றாள். என் உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், எட்டு மாதமாக நீலம் பாரித்துக் கிடந்த நகம். அவள் இடது மணிக்கட்டில் என் கயிறு, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள், இறுக்கமாக, பக்கத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது. பர்ஸில் போட்டு வெக்கறதுக்கென்ன, கை என்னத்துக்கு ஆகும் என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. "பையில போட்டா மறந்து போயிருமுங்க. அது உங்களுக்குத் தெரியாதுங்களா" என்றாள். நாற்பது வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை, இன்றைக்குத்தான் எடுத்தாள், அதுவும் இப்படி. சிஸ்டர் எட்டிப் பார்த்து, இடுப்பில் இன்றைக்கு எதுவும் கட்டக் கூடாது, நாளைக்குக் கட்டுப் பிரித்த பிறகு பார்க்கலாம், வேண்டுமானால் நானே கட்டிவிடுகிறேன் என்றது. துளசிமணி தலையை ஆட்டினாள். "நாளைக்கே ஆகட்டும் கண்ணு. ஆனா நாந்தான் கட்டோணும். அவுத்தது நாந்தானே." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை என் உள்ளங்கையில் வைத்தாள். கயிற்றுக்கு அடியில் ஒரு துடிப்பு தட்டிக்கொண்டிருந்தது, நின்று நிதானமாக. அவளுடையதா என்னுடையதா என்று பார்ப்பதற்காக எண்ண ஆரம்பித்தேன், பதினைந்தைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.